அசிட்டோனில் போடுவதற்கு முன்

"பழைய வார்ஹாமர் படை என்றாலே முழுக்க ஈயம்தான், பெயிண்டை எடுக்க அப்படியே அசிட்டோனில் ஊறப்போடுங்கள்" என்று, வார்ஹாமர் என்ற மேசைப் போர் விளையாட்டின் சின்ன வீரர் உருவங்களைப் பற்றி மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். அசிட்டோன் என்பது நெயில் பாலிஷ் நீக்கியில் இருக்கும் கரைப்பான். உலோக உருவங்களுக்கு இது சரி. ஆனால் இந்த உருவங்களைச் செய்யும் சிட்டாடல் நிறுவனம் 1987லேயே பிளாஸ்டிக் படைப் பெட்டி விற்றது. 1992இல் வந்த விளையாட்டின் நான்காம் பதிப்புப் பெட்டியிலும் எல்ஃப், காப்ளின் வீரர்கள் பிளாஸ்டிக்தான். இந்த பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் அசிட்டோனில் இளகிக் கூழாகிவிடும். உலோக வீரனாக இருந்தாலும் கேடயமும் அடித்தட்டும் பெரும்பாலும் பிளாஸ்டிக். அவற்றைக் கழற்றிவிட்டுத்தான் ஊறவைக்க வேண்டும். சூப்பர் க்ளூவும் கரையும் என்பதால், யாரோ முன்பு வெட்டி ஒட்டிய கைகால்கள் தனியே வந்துவிடலாம். அது வேண்டாத மாற்றம் என்றால் நல்லதுதான்!

பிளாஸ்டிக்குக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். ஒரு உருவத்தை மட்டும் போட்டுப் பார்த்து, அப்புறம் பழைய டூத்பிரஷால் தேய்க்கலாம்.

ஈயம் பற்றியும் ஒன்று. சிட்டாடல் 1997இல்தான் ஈயமில்லாத கலவைக்கு மாறியது. அதற்கு முந்தைய உருவத்தில் வாளை மாற்ற அரம் போடுகிறீர்களா? ஈரப்படுத்தி ராவுங்கள், முகக்கவசம் போடுங்கள், தூளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கை கழுவாமல் காபி டம்ளரைத் தொடாதீர்கள்.