பொன்னிற அம்மோனைட்டில் இருப்பது தங்கம் இல்லை

இங்கிலாந்தின் சார்மத் கடற்கரையில் பொறுக்கிய பொன்னிற அம்மோனைட்டில் (சுருள் ஓடுள்ள பழங்காலக் கடலுயிரியின் புதைபடிவம்) தங்கம் இருக்கிறது, கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடைகளில் கொடுத்தால் நல்ல விலை போகும் என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். அது தங்கம் இல்லை அண்ணா, பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். ஒட்சிசன் குறைந்த கடற்சேற்றில் ஓடு புதையும்போது, பக்டீரியாக்கள் உண்டாக்கும் சல்பைட்டு என்ற கந்தகச் சேர்மம் அங்குள்ள இரும்போடு சேர்ந்து ஓட்டின் அறைகளுக்குள் படிகிறது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். வெள்ளைப் போர்சலின் டைலின் பின்பக்கம், மெருகில்லாத இடத்தில், ஓரத்தை அழுத்தித் தேயுங்கள். தங்கம் என்றால் மஞ்சள் கோடு விழும். பைரைட் பச்சை கலந்த கறுப்புக் கோடுதான் போடும். என்னிடம் இருக்கும் காசளவு துண்டும் அப்படித்தான் போட்டது. உடைந்த துண்டு இருந்தால் அதில் செய்யுங்கள். அந்தச் சுருள் வடிவம் தேய்ந்துபோனால் மனசு கேட்காது.