மெரிச்செல் என்று சொல்லிக் கடைத்தெருவில் இறக்கிவிட்டார்கள்

மூன்று நாளாகிறது, ஆத்திரம் அடங்கவில்லை. எழுதிக் கொட்டினால்தான் இன்றைக்காவது தூக்கம் வரும்.

அம்மா நாகப்பட்டினத்திலிருந்து பிரான்ஸில் உள்ள துலூஸுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம். 71 வயது, முட்டிவலி. பாரிஸ் காட்டுகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். அவள் வாயைத் திறந்து கேட்டது ஒரே ஒரு இடம். அதுவும் நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். எங்களுக்குத் தெற்கே பிரனீஸ் மலைக்குள் அண்டோரா என்று ஒரு குட்டி நாடு. மொத்தமே 468 சதுர கிலோமீட்டர். அந்த நாட்டுக்குக் காவல் மெரிச்செல் மாதா, மெரிச்செல் என்ற ஊரில்தான் கோயில். திருநாள் செப்டம்பர் 8. நம் வேளாங்கண்ணித் திருவிழா முடிகிற அதே நாள்! சின்ன வயதில் அம்மா ஒவ்வொரு வருஷமும் ஆச்சியோடு நாகையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே போனவள். நாங்கள் இந்துக்கள்தான், ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் அதெல்லாம் யார் பார்க்கிறார்கள். "அப்ப அது நம்ம மாதாதான்ப்பா, ஒரு தடவ கூட்டிட்டுப் போ" என்றாள். எனக்காக வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்திருந்த இரண்டு மெழுகுவர்த்தியில் ஒன்றைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அண்டோராவுக்கு ரயில் கிடையாது. பெரிய விமான நிலையமும் கிடையாது. பிரான்ஸ் பக்கத்து ரயிலில் வந்தாலும் எல்லைக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிவிட வேண்டும். என்னிடம் கார் இல்லை. அதனால் ஒருநாள் பஸ் டூர் ஒன்றில் மூன்று டிக்கெட் வாங்கினேன். பயணத் திட்டத்தில் அச்சடித்திருந்தது இதுதான்: எல்லை ஊரான பாஸ் டெ லா காசா ஒரு மணி நேரம், மெரிச்செல் இரண்டரை மணி நேரம். பக்கத்திலேயே பச்சை மலையும் கல்லால் கட்டிய மணிக்கூண்டும் போட்டோவாக இருந்தது.

காலை ஆறரைக்குக் கிளம்பிய பஸ் ஃபுவா என்ற ஊரைத் தாண்டி மலை ஏறிக்கொண்டிருந்தது. அப்போது மைக்கில் ஒரு அறிவிப்பு: "அண்டோரா ஷெங்கனில் இல்லை. விசாவில் வந்திருப்பவர்கள், ஒருமுறை நுழைவு விசாவாக இருந்தால் உங்கள் சொந்தப் பொறுப்பு." ஷெங்கன் என்றால் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்.

பஸ் ஏறி ஒன்றரை மணி நேரம் கழித்துச் சொல்கிறார்கள்! மலை நடுவில்! இறங்கி எங்கே போவது?

அம்மாவின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். விசா ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழையலாம் என்பதற்குச் சின்னதாக ஒரு இடம். அதில் 01. அண்டோராவுக்குள் கால் வைத்தால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. அது அம்மாவிடம் இல்லை. அண்டோராவுக்கென்று தனியாக விசா இல்லை, பிரான்ஸையோ ஸ்பெயினையோ தாண்டாமல் அங்கே போகவும் முடியாது. அதனால் நம்மைப் போன்றவர்களுக்குப் பலமுறை நுழைவு விசா அவசியம். இது புதுச் சட்டமில்லை, ரகசியமும் இல்லை. தினமும் அந்தச் சாலையில் பஸ் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்கவே முடியாது.

"நீ பார்த்திருக்கணும்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரி, பார்த்திருக்கணும். ஆனால் பணம் கட்டும்போது மூன்று பேரின் பாஸ்போர்ட் எண்ணையும் கேட்டு வாங்கினார்களே! எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று ஒரு கட்டம் இருந்தது, இந்தியா என்று நிரப்பினேன். அதை நிரப்பாமல் பணமே கட்ட முடியாது. அந்த இடத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதாதா? எழுதினால் மூன்று டிக்கெட் விற்காது. அதுதான் விஷயம்.

இதில் என் வயிற்றெரிச்சல் இன்னொன்று. அண்டோராவுக்கு இரண்டு இளவரசர்கள். ஒருவர் ஸ்பெயின் பக்கத்து உர்ஜெல் ஆயர், மற்றவர் பிரான்ஸின் ஜனாதிபதி. 1278-இல் ஆயரும் ஃபுவா பிரபுவும் போட்ட ஒப்பந்தம் அது. பிரபுவின் உரிமை பிரான்ஸ் மன்னர்களுக்குப் போய், கடைசியில் ஜனாதிபதிக்கு வந்து சேர்ந்தது. அதே ஃபுவாவின் கோட்டையைத்தான் பஸ் தாண்டி வந்தது. அங்கே புழங்குவதும் யூரோதான். பிரான்ஸ் கொடுத்த விசாவில், பிரான்ஸ் ஜனாதிபதியே இளவரசராக இருக்கும் ஊருக்குப் போன 71 வயது அம்மா, திரும்பி பிரான்ஸுக்குள் வர அனுமதி இல்லாதவள். இதை ஒரு சாதாரண மனுஷன் தானாக எப்படி ஊகிப்பான்?

எல்லையில் உள்ளே போகும்போது யாரும் நிறுத்தவில்லை. பாஸ் டெ லா காசாவில் இறக்கினார்கள். சிகரெட், சாராயம், சென்ட், அவ்வளவுதான் ஊரே. பிரான்ஸில் 20 சதவீத வரி, அண்டோராவில் 4.5. அதற்காகவே கூட்டம் மொய்க்கிறது. அங்கேயே என் போன் தானாக அண்டோரா நெட்வொர்க்குக்கு மாறியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் சலுகை இங்கே செல்லாது, என் பிளானிலும் அண்டோரா இல்லை. விசாவைப் பற்றி அரை மணி நேரம் தேடிப் படித்ததற்கு 47 யூரோ பில். அதைக்கூட விட்டுத்தொலைக்கிறேன்.

மெரிச்செல் விஷயத்தை மட்டும் விடவே மாட்டேன்.

கனில்யோ ஊரைத் தாண்டியதும் சாலையோரம் கைகாட்டிப் பலகை வந்தது: மெரிச்செல். அம்மாவிடம் காட்டினேன். புடவைத் தலைப்பைச் சரிசெய்து கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ் திரும்பவில்லை. நேராகப் போய் தலைநகர் அண்டோரா லா வெல்லாவில், வரிசையாகக் கடைகள் மட்டுமே இருக்கும் ஒரு தெருவில் நிறுத்தினார்கள். "மெரிச்செல், இரண்டரை மணி நேரம்" என்றார் வழிகாட்டி. தெருவின் பெயர் மெரிச்செல் அவென்யூ!

"கோயில்?" என்று கேட்டேன். "அது நம் திட்டத்தில் இல்லை, நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள்" என்றார். மணிக்கூண்டுப் படத்தைக் காட்டினேன். "அது பொதுவான படம்."

1972 செப்டம்பரில், அந்தத் திருநாள் இரவில்தான் பழைய கோயில் தீப்பிடித்தது. பல நூற்றாண்டாக வணங்கிய மாதா சிலையும் போய்விட்டது. ரிக்கார்டோ போஃபில் வடிவமைத்த புதுக்கோயில் 1976-இல் எழுந்தது. இழந்ததைத் திரும்பக் கட்டிக்கொண்ட மக்கள் அவர்கள். அந்தப் பெயரை சென்ட் கடைகளுக்கு ஆள் பிடிக்க இவர்கள் தூண்டிலாக வைத்திருக்கிறார்கள். அண்டோரா மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்த மலைகளுக்கே இன்னும் பத்துத் தடவை போகலாம். மட்ரியு பள்ளத்தாக்கு 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. நூற்றாண்டுகள் கண்ட கல்கோயில்கள் ஊருக்கு ஊர் நிற்கின்றன. அதில் ஒன்றைக்கூடக் காட்டாமல் கடைத்தெருவில் கொட்டிவிட்டு, நாட்டையே காட்டியதாகச் சொல்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

டாக்சி பிடிக்கலாம் என்றேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்ப்பா. பாஸ்போர்ட் பிரச்சினை வேற இருக்கு. பஸ்ஸ விட்டுட்டா என்ன பண்ணுவோம்?" இரண்டரை மணி நேரமும் ஒரு சென்ட் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தை அம்மா பிரிக்கக்கூட இல்லை.

திரும்பும்போது பிரான்ஸ் சுங்க அதிகாரிகள் இருவர் பஸ்ஸில் ஏறினார்கள். அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், விரல்கள் நடுங்கின. வாழ்க்கையில் ஒரு தடவை பஸ் டிக்கெட் எடுக்காமல் போனவளில்லை. அவர்கள் தேடியதெல்லாம் 300-க்கு மேல் சிகரெட், ஒன்றரை லிட்டருக்கு மேல் சாராயம். பின் சீட்டில் ஒருவரின் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள். பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை. அதற்காக நடந்தது சரியாகிவிடுமா? கேட்டிருந்தால்?

புகார் எழுதினேன். நேற்று பதில் வந்தது. நிபந்தனைகளை ஏற்றுக்கொள்கிறேன் என்ற கட்டத்தில் நான் டிக் அடித்திருக்கிறேனாம். திருப்பித் தர எதுவும் இல்லையாம். அந்த நிபந்தனைகளைத் தேடி எடுத்துப் படித்தேன். பதினோராவது பக்கத்தில், "பயண ஆவணங்களுக்குப் பயணியே பொறுப்பு." மெரிச்செல் என்றால் தெரு என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. அதையே கேட்டு இன்று காலை மறுபடி எழுதியிருக்கிறேன், இனி தினமும் எழுதுவேன்.

அடுத்த வாரம் அம்மா ஊருக்குக் கிளம்புகிறாள். அந்த மெழுகுவர்த்தியை நேற்று என் சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். "நீ எப்பவாச்சும் போனா ஏத்திடுப்பா" என்றாள்.