எல்லாப் பாட்டிலும் ஒன்றல்ல

குளிர்பானப் பாட்டில்களை வெட்டிக் கம்மலும் கழுத்தணியும் செய்யும் பெண்களைப் பற்றிய கட்டுரை நன்று. ஆனால், எந்தப் பிளாஸ்டிக்கையும் உருக்கி நகையாக்கலாம் என்று போகிற போக்கில் எழுதியிருப்பது ஆபத்தான யோசனை. பிவிசி என்னும் பிளாஸ்டிக்காலான குழாய்த் துண்டைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு கிளம்பும். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருந்தால் அது பெட் (PET) என்ற பிளாஸ்டிக் வகை; அதை உருக்கவே வேண்டாம். இதழ் வடிவில் வெட்டி, மெழுகுவத்திச் சுடருக்குச் சற்று மேலே காட்டினால் ஓரம் தானாகச் சுருளும். கொஞ்சம் தாழ்த்தினால் கருகிவிடும்.

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய பாட்டில்களுக்குப் பஞ்சமில்லை. பெருமழை பெய்தால் உம்கேனி ஆறே கொண்டுவந்து கடற்கரையில் கொட்டுகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தைச் சொல்லவே வேண்டாம்.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் என் அண்ணி இத்தகைய கம்மல்கள் செய்து விற்கிறார். "குப்பைக்கு இத்தனை ராண்டா?" (ராண்ட் எங்கள் நாணயம்) என்று கேட்பவர்கள், கழுவி, வெட்டி, ஓரம் தேய்க்கிற உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வாங்குபவர்கள் கொக்கியையும் பாருங்கள்: மலிவான நிக்கல் கலப்புக் கொக்கி பலருக்குக் காதைப் புண்ணாக்கிவிடும். வெள்ளிக் கொக்கிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.