அந்த 24 மேட்ச் கணக்கில் வராதா?

பத்து நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ராத்திரி நம்ம தமிழ்ச் சங்கத்து குரூப்பில் அந்தப் பதிவைப் பார்த்த பிறகு முடியவில்லை. எதைச் சொல்கிறேன் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் அதற்கு லைக் போட்டிருக்கிறீர்கள், அதையும் பார்த்தேன்.

"நம்ம பிள்ளைகளுக்குத் திறமை இருக்கு, பிரஷர் தாங்கத்தான் தெரியல" என்று ஆரம்பித்து, பெயர் சொல்லாமல், "லீக் முழுக்க ஜெயிச்சுட்டு முக்கியமான ஒரே மேட்ச்சில் கோட்டை விட்ட" ஒரு காலேஜ் டீமை உதாரணம் காட்டி நாலு பத்தி. அண்ணா, நம்ம சங்கத்தில் காலேஜ் சாஃப்ட்பால், அதான் பேஸ்பால் மாதிரி ஆட்டம், ஆடுகிற பிள்ளை எத்தனை பேர்? ஒருத்திதான், என் மகள். பெயர் போடாமல் விட்டதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டுமா?

நானும் உங்கள் பெயரைப் போடவில்லை. கணக்கு சரியாகிவிட்டது. இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகளுடைய டீம் இந்த சீசனில் கான்ஃபரன்ஸுக்குள், அதாவது ஒன்பது காலேஜ்கள் சேர்ந்த எங்கள் லீக்குக்குள், 24 மேட்ச் ஆடியது. எட்டு எதிரணிகள், ஒவ்வொன்றோடும் ஒரே வார இறுதியில் மூன்று மேட்ச். 20 வெற்றி, 4 தோல்வி, முதலிடம். இதற்கு என்ன கிடைத்தது? ஒரு கோப்பை, ஒரு குரூப் போட்டோ. என்சிஏஏ, அதாவது அமெரிக்கக் காலேஜ்களுக்கான தேசியப் போட்டிக்குப் போகும் டிக்கெட் இதற்குக் கிடையாது. அது மே மாதம் மூன்றே நாள் நடக்கிற கான்ஃபரன்ஸ் டோர்னமெண்டில் ஜெயிப்பவருக்குத்தான். பிப்ரவரி குளிரில் ஆரம்பித்து மூன்று மாதம் ஆடியதெல்லாம் அந்த மூன்று நாளுக்கு ஒத்திகை.

ஐபிஎல் தெரிந்தவர்களுக்கு எளிதாகச் சொல்கிறேன். பாயிண்ட் டேபிளில் முதல் இரண்டு இடம் பிடித்தால் என்ன சலுகை? முதல் குவாலிஃபயரில் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. எங்கள் கான்ஃபரன்ஸில் முதலிடத்துக்குக் கொடுத்த சலுகை, முதல் நாள் ஆடாமல் ஹோட்டலில் உட்கார்ந்திருக்கலாம், அப்புறம் கடைசியாக பேட் பிடிக்கலாம். மறுநாள் ஒரு மேட்ச். தோற்றால் பஸ் ஏற வேண்டியதுதான்.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. பல கான்ஃபரன்ஸ்களில் டபுள் எலிமினேஷன், இரண்டு முறை தோற்றால்தான் வெளியே. ஹார்வர்ட், யேல் எல்லாம் இருக்கிற ஐவி லீக் கான்ஃபரன்ஸின் டோர்னமெண்டில் நாலே அணிகள், அதுவும் முதலிடம் பிடித்த அணியின் சொந்த மைதானத்தில் நடக்கும், டபுள் எலிமினேஷன்தான். அவ்வளவு ஏன், என்சிஏஏ நடத்துகிற முதல் சுற்றான ரீஜனலிலேயே 64 அணிகளை 16 ஊருக்கு, ஊருக்கு நாலாகப் பிரித்து, இரண்டு முறை தோற்ற பிறகுதான் மூட்டை கட்டச் சொல்கிறார்கள். உள்ளே போனவர்களுக்கு ஒரு தோல்வி மன்னிப்பு. வாசலில் நிற்கிற எங்களுக்கு மட்டும் அது கிடையாதாம்.

'எஸ்இசி மாதிரி பெரிய கான்ஃபரன்ஸிலும் சிங்கிள் எலிமினேஷன்தானே, ஒரு தோல்வியோடு வெளியேதானே, அவங்க புலம்புறாங்களா?' என்று கேட்பீர்கள். அவர்கள் ஏன் புலம்ப வேண்டும்? பெரிய கான்ஃபரன்ஸுக்கு அந்த டோர்னமெண்ட் கல்யாணத்துக்கு முந்தின நாள் மெஹந்தி மாதிரி. நடந்தாலும் நடக்காவிட்டாலும் தாலி ஏறிவிடும். 2025-ல் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில் எஸ்இசி இறுதிப் போட்டி வானிலையால் நடக்கவே இல்லை. ஓக்லஹோமா, டெக்சஸ் ஏ அண்ட் எம் இரண்டுமே சாம்பியன் என்று அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த வருஷம் எஸ்இசியில் சாஃப்ட்பால் ஆடுகிற 15 அணிகளில் 14 என்சிஏஏவுக்குப் போயின. பதினாலு! எங்களுக்கு ஒன்று. அந்த ஒன்றும் அந்த மூன்று நாள் கையில்.

மிச்ச இடங்களைக் கமிட்டி உட்கார்ந்து கொடுக்கிறதே என்றால், அங்கே ஆர்பிஐ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நாம் ஜெயித்த விகிதத்துக்குக் கால் பங்கு மதிப்பு. நம்மோடு ஆடியவர்கள் எவ்வளவு ஜெயித்தார்கள் என்பதற்குப் பாதி. அவர்களோடு ஆடியவர்கள் ஜெயித்ததற்கு இன்னொரு கால். அதாவது நம் பிள்ளை வாங்கிய மார்க்குக்கு 25, பக்கத்து பெஞ்சுக்கும் அதற்கடுத்த பெஞ்சுக்கும் சேர்த்து 75. பெரிய டீமோடு ஆடினால் அந்த எண் தேறும். ஆனால் பெரிய டீம் நம் மைதானத்துக்கு வராது. நாம்தான் பதினொரு மணி நேரம் பஸ்ஸில் போய், பெரும்பாலும் உதை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். ஆர்பிஐ ஏறாது, இடுப்பு வலிதான் ஏறும்.

டோர்னமெண்ட் இல்லாமல் நடத்தவே முடியாதா என்ன? மேற்குக் கரையின் பெரிய கான்ஃபரன்ஸான பேக்-12, 2023-க்கு முன்பு வரை சாஃப்ட்பாலில் அப்படி ஒன்றை நடத்தியதே இல்லை. லீக்கில் யார் முதலோ அவர்களுக்கு டிக்கெட். அந்தக் கான்ஃபரன்ஸ் அணிகளான யுசிஎல்ஏவின் 12 என்சிஏஏ கோப்பைகளும் அரிசோனாவின் 8 கோப்பைகளும் அந்த டோர்னமெண்ட் வருவதற்கு முன்னால் வாங்கியவை. அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் பிரஷர் என்றால் என்னவென்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. 2023-ல் டூசானில் முதன்முறையாக நடத்தினார்கள், யூட்டா ஜெயித்தது. அடுத்த வருஷத்தோடு அந்தக் கான்ஃபரன்ஸே சிதறிப் போனது. டோர்னமெண்டால்தான் சிதறியது என்று நான் சொல்லவில்லை. சொல்ல ஆசைதான்.

இப்போது கமெண்டில் என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

'ரூல் முன்னாடியே தெரியும்தானே?' தெரியும். குடையில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தே எடுத்துப் போனாலும் நனைந்தால் சளி பிடிக்கத்தான் செய்யும்.

'டோர்னமெண்ட் இல்லேன்னா கடைசி இடத்துல இருக்கிற டீம் எதுக்காக ஆடும்?' இது நியாயமான கேள்வி. ஏப்ரலிலேயே கடைசி இடம் என்று ஆகிவிட்ட பிள்ளைகளுக்கும் மே வரை ஓட ஒரு காரணம் வேண்டும். டோர்னமெண்டை நடத்துங்கள், கோப்பையும் கொடுங்கள், டிக்கெட்டை மட்டும் லீக் சாம்பியனுக்குக் கொடுங்கள் என்று சொல்லலாம். டிக்கெட் இல்லாத டோர்னமெண்டை எந்த டிவி காட்டும் என்று திருப்பிக் கேட்பீர்கள். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அடுத்ததுக்குப் போகலாம்.

யாராவது ஒருத்தர் கட்டாயம் 2010-ஐத் தூக்கிக்கொண்டு வருவார். சிஎஸ்கே பாயிண்ட் டேபிளில் மூன்றாம் இடம், மும்பை முதலிடம், ஃபைனலில் நம்ம ஆட்கள் ஜெயித்தார்கள், அன்றைக்கு நீயும்தானே விசில் அடித்தாய் என்பார். அடித்தேன். அன்றைக்கு மும்பை டீமில் என் பிள்ளை ஆடவில்லை.

அப்புறம் அந்தப் பிரஷர். 2025-ல் அதே டெக்சஸ் ஏ அண்ட் எம், நாட்டின் நம்பர் ஒன் என்ற பட்டத்தோடு சொந்த ஊர் ரீஜனலில் இறங்கியது. லிபர்ட்டி என்ற அணி அதை வீட்டுக்கு அனுப்பியது. நம்பர் ஒன் அணி ரீஜனலைத் தாண்டாமல் போனது அதுதான் முதல் முறை. டெக்சஸ் என்ற இன்னோர் அணி எஸ்இசி டோர்னமெண்டை ஜெயிக்கவில்லை, ஜூன் மாதம் ஓக்லஹோமா சிட்டியில் தேசிய சாம்பியன் ஆனது. அப்படியென்றால் டெக்சஸ் பிள்ளைகளுக்கு மே மாதம் தாங்கத் தெரியாத பிரஷர் ஜூனில் தாங்கத் தெரிந்துவிட்டதா? ஏழே இன்னிங்ஸ் ஆட்டம் அண்ணா இது. 43 அடியில் நின்று ஒரு பெண் கையைச் சுழற்றி வீசுகிறாள். அன்றைக்கு அவள் கை சரியாக வந்துவிட்டால் எட்டாவது இடத்து டீமும் யாரை வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம். அதனால்தானே 24 மேட்ச் வைக்கிறார்கள்? ஒரு நாளில் எது வேண்டுமானாலும் நடக்கும் என்பதால்தானே மூன்று மாதம் ஆடவிட்டுப் பார்க்கிறார்கள்? பார்த்த பிறகு அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்றால் எதற்குப் பார்த்தார்களாம்?

(சாஃப்ட்பால் என்றால் பந்து சாஃப்டாக இருக்குமா என்று போன தீபாவளி விருந்தில் கேட்டவரும் நேற்று அந்தப் பதிவில் 'உண்மை' என்று கமெண்ட் போட்டிருந்தார். ஒரு நாள் வாருங்கள் சார், முழங்காலில் ஒன்று வாங்கிப் பாருங்கள்.)

'ஒரே மேட்ச்' என்ற வார்த்தை எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று ராத்திரி வீட்டுக்காரர் கேட்டார். சொல்கிறேன்.

ஒன்பதாவது படிக்கும்போது நான் பள்ளி கோ-கோ டீமில் இருந்தேன். பாரதியார் தின விளையாட்டுப் போட்டி, நாக்-அவுட். எங்களோடு முதல் சுற்றில் மோதிய பள்ளியை அதற்கு முன் பயிற்சி ஆட்டத்தில் நாலு முறை தோற்கடித்திருந்தோம். அன்றைக்கு மத்தியானம் பன்னிரண்டரை வெயில், வெறுங்கால், மண் தோசைக்கல். நான் போல் பக்கம் பாய்ந்து தொடப் போனேன், கால் வழுக்கியது, கை ஒரு சாண் எட்டவில்லை. ஒரு பாயிண்டில் தோற்றோம். பி.டி. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, எல்லோருக்கும் கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். சொன்னது வீட்டில் அப்பா. "ஒரு மேட்ச் ஜெயிக்கத் துப்பில்ல, போதும் வெளையாண்டது, படிக்கிற வழியைப் பாரு." பத்தாவதில் நான் டீமில் இல்லை. அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கு ஒரு சாக்குத் தேவைப்பட்டது, அந்த மேட்ச் கிடைத்தது. ஜெயித்திருந்தால் இன்னொரு சாக்கு கிடைத்திருக்கும்.

அதனால்தான் என் மகள் எட்டு வயதில் கேட்சர் (கிரிக்கெட் விக்கெட் கீப்பர் மாதிரி, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) ஆகணும் என்று வந்து நின்றபோது நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பெண் பிள்ளைக்கு முட்டி கறுத்துப் போகுமே, வெயிலில் முகம் என்னாகும், இதை ஆடி எந்த காலேஜில் சீட் கிடைக்கும் என்று கேட்ட அத்தனை பேரும் இங்கேதான் இருக்கிறீர்கள். அதே நீங்கள்தான் அவளுக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்ததும் 'நம்ம தமிழ்ப் பொண்ணு' என்று சங்க மலரில் போட்டோ போட்டீர்கள். இப்போது தோற்றதும் 'நம்ம பிள்ளைகளுக்குப் பிரஷர் தாங்கத் தெரியல'. ஜெயித்தாலும் நம்ம, தோற்றாலும் நம்ம. நடுவில் பத்து வருஷம், சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்து தயிர் சாதம் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டியபோது அந்த நம்ம எங்கே போயிருந்தது?

தோற்ற இரண்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை, என்சிஏஏ 64 அணிகளையும் டிவியில் அறிவிக்கும் நிகழ்ச்சி. தங்களை அழைக்க மாட்டார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனாலும் கோச் அறையில் கூடி உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். பீட்சா வந்திருக்கிறது, ஒருத்தியும் தொடவில்லையாம். எங்களைத் தோற்கடித்த டீம் மறுநாள் ஃபைனலையும் ஜெயித்திருந்தது, அவர்கள் பெயர் வந்ததும் எங்கள் பிள்ளைகள் கை தட்டியிருக்கிறார்கள். அந்த டீம் ரீஜனலில் முதல் மேட்ச்சை 9-0 என்று ஐந்து இன்னிங்ஸில் தோற்றது. எட்டு ரன் வித்தியாசம் வந்தால் ஐந்தாவது இன்னிங்ஸோடு நிறுத்திவிடுவார்கள். மறுநாள் இரண்டாவது தோல்வி, முடிந்தது. ஏப்ரலில் அவர்களை மூன்றுக்கு மூன்று ஜெயித்திருந்தோம். அவர்களைக் குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன்.

இப்போது அந்தப் பந்து. பதிவில் 'கேட்சர் பந்தை விட்டதால் போன மேட்ச்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதற்குத்தான் இவ்வளவும்.

ஏழு இன்னிங்ஸில் முடியாமல் 1-1, கூடுதலாக எட்டாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்றாவது பேஸில் அவர்கள் ஆள், அங்கிருந்து ஓடி வந்துவிட்டால் ரன். பந்து வீசும் எங்கள் பிட்சர் நாலாம் ஆண்டுப் பெண், அன்றைக்கு 130 பந்துக்கு மேல் வீசியிருந்தாள். எந்தப் பந்து வீச வேண்டும் என்பதற்குக் கோச் மூன்று எண்களைக் கத்தினார், என் மகள் மணிக்கட்டுப் பட்டையில் இருந்த அட்டையைப் பார்த்தாள், கையுறையைத் தாழ்த்தினாள். பந்து பேட்டர் நிற்கிற பிளேட்டுக்கு முன்னால் மண்ணில் குத்தி வலது பக்கமாக எகிறியது. அவள் மார்பைக் கொடுத்து விழுந்தாள். பந்து தோளில் பட்டுப் பின்னால் வேலி வரைக்கும் ஓடியது. அவள் எடுத்து வீசுவதற்குள் 2-1. கடைசிப் பாதியில் எங்களால் ஒரு ரன் எடுக்க முடியவில்லை.

கேட்சர் பிடித்திருக்க வேண்டிய பந்தென்றால் பாஸ்டு பால் என்று எழுதுவார்கள். பிடிக்க முடியாதபடி பிட்சர் வீசிய பந்தென்றால், அவள் பேரில், வைல்ட் பிட்ச். இரண்டும் வேறு வேறு. அதிகாரப்பூர்வ ஸ்கோர்ஷீட்டில் வைல்ட் பிட்ச் என்று இருக்கிறது. கீழே கமெண்டில் போட்டிருக்கிறேன், சிவப்பு வட்டம் போட்டு.

இதை அவளிடமும் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அது நான் தடுக்க வேண்டிய பந்துதான்மா" என்றாள். "அவ நாலாவது வருஷம்மா, அவ பேர்ல எழுதிட்டாங்க. நீ அதை எங்கயும் போட்டு வைக்காத."

போட்டுவிட்டேன். எடுக்கப் போவதில்லை.