புகை அடிக்க ஆள் வரலையாம்

நேற்று ராத்திரி எங்கள் தெரு வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு குரல் பதிவு. "ஒரு மாசமாச்சு, புகை மருந்து அடிக்க ஒரு ஆளு வரல. வரி மட்டும் கரெக்டா வாங்கிடுறாங்க." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அதில் ஒன்று என் வீட்டுக்காரருடையது. பன்னிரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிற மனிதருக்கே என் வேலை என்னவென்று விளங்கவில்லை. அவருக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நீளமாக இருக்கும், முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் ஒரு டி.பி.சி. விரித்துச் சொன்னால் டொமஸ்டிக் பிரீடிங் செக்கர். அரசுத் தாள்களில் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர். தெருவில் "கொசு மருந்து அக்கா". பி.எஸ்சி. விலங்கியல் படித்தேன், தினக்கூலிக்குப் போகிறேன், அந்தக் கதை வேண்டாம். எந்த உள்ளாட்சி, எந்த வார்டு என்றும் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக் காலை முதல் போன் மேற்பார்வையாளரிடமிருந்து வரும். சேலத்தில், தறிச் சத்தம் கேட்கிற தெருக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தப் புகை விஷயத்தை முடித்துவிடுகிறேன். புகை சாகடிப்பது அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும்தான். தண்ணீருக்குள் நெளிகிற புழுவுக்கு அதனால் ஒரு சேதமும் இல்லை. டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு தெருவில் காத்திருப்பதும் இல்லை. அது வீட்டுக்குள்ளே, கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்குகிற துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். புகை வண்டி தெருமுனையில் திரும்பியதும் நாம் என்ன செய்கிறோம்? ஓடிப்போய்க் கதவையும் ஜன்னலையும் சாத்துகிறோம். கொசு பத்திரமாக உள்ளே, புகை வெளியே. ஒருவருக்குக் காய்ச்சல் உறுதியானால் அந்த வீட்டைச் சுற்றி உடனே அடிப்பதில் அர்த்தம் உண்டு, அதை மறுக்கவில்லை. மற்றபடி புகை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, சத்தம் போடுகிறது, போட்டோவில் நன்றாக விழுகிறது. நான் டார்ச் பிடித்துக்கொண்டு டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்ப்பதை யார் போட்டோ எடுப்பார்கள்?

அடுத்தது சாக்கடை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் வசனம் இதுதான்: "இங்க எதுக்கும்மா வர்றீங்க, அந்தச் சாக்கடையப் போய்ப் பாருங்க." சிலர் திருமணிமுத்தாற்றையே கை காட்டுவார்கள். சேர்வராயன் மலையில் பிறந்து வருகிற ஆறு ஊருக்குள் எப்படி ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும், அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கறுப்புத் தண்ணீரில் வளர்வது பெரும்பாலும் கியூலெக்ஸ். ராத்திரியில் காதோரம் பாடுகிற ஜாதி, யானைக்கால் நோயைப் பரப்புகிறது. ஏடிஸ் வேறு. பகலில் கடிக்கும், நல்ல தண்ணீர் தேடும், பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தாண்டிப் போவதே அரிது. அதாவது உங்களைக் கடித்த ஏடிஸ் அநேகமாக உங்கள் வீட்டில் பிறந்தது. இல்லையென்றால் பக்கத்து வீட்டில். இதைச் சொன்னால் எல்லோரும் பக்கத்து வீட்டைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சரி, டிரம்முக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

எங்கள் பகுதியில் நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர். மோட்டார் மக்கர் செய்தால் ஆறு நாள் ஆகும். அதனால் வீட்டுக்கு வீடு இருநூறு லிட்டர் நீல டிரம், சிமெண்ட் தொட்டி, அண்டா, குடம். இடம் இல்லாதவர்கள் படிக்கட்டிலும் வைத்திருப்பார்கள். பெண் ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் போடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஈரமான பக்கச் சுவரில் ஒட்டவைக்கும். ஒரு தடவைக்கு நூறு வரை. கறுப்பாக, கடுகைவிடச் சின்னதாக, அழுக்குப் புள்ளி போல இருக்கும். அது காய்ந்துபோய் மாதக்கணக்கில் கிடந்தாலும் சாகாது. மறுபடி எப்போது தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறி முட்டையை நனைக்கிறதோ அப்போது பொரியும். புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள்.

இதை யோசித்துப் பாருங்கள். நாம் டிரம்மைக் காலி செய்துவிட்டா தண்ணீர் பிடிக்கிறோம்? அடியில் கால் டிரம் இருக்கும்போதே அதன்மேல் பிடிக்கிறோம். மிச்சத் தண்ணீரைக் கொட்ட மனசு வருமா? வராது, வரவும் கூடாது. தண்ணீர் நாளில் மட்டம் ஏறுகிறது, சுவரில் ஒட்டியிருந்த முட்டைகள் நனைகின்றன, பொரிகின்றன. எங்கள் தெருக்களில் தண்ணீர் விடும் நாள்தான் கொசு முட்டை பொரிக்கும் நாள். இதைப் புரிந்துகொள்ள எனக்கே இரண்டு வருஷம் ஆனது. பட்டப் படிப்பில் ஏடிஸின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் வரைந்து மார்க் வாங்கியவள் நான். டிரம்முக்கும் குழாய்க்கும் உள்ள சம்பந்தம் அந்தப் படத்தில் இல்லை.

டிரம்மைக் கவிழ்த்துக் காலி செய்தாலும் போதாது என்பது இதனால்தான். சுவரைத் தேய்க்க வேண்டும். தேங்காய் நாரால், அழுத்தி. நாங்கள் ஊற்றுகிற அபேட் மருந்து புழுவைக் கொல்லும், சுவரில் காய்ந்திருக்கிற முட்டையை ஒன்றும் செய்யாது. "குடிக்கிற தண்ணில மருந்தா" என்று பயப்படுகிறவர்களுக்கு: ஆயிரம் லிட்டருக்கு 2 மில்லிதான் கணக்கு, ஒரு டிரம்முக்கு அரை மில்லிகூட வராது. அந்த அளவுக்கு உலக சுகாதார நிறுவனமே குடிநீரில் அனுமதி தந்திருக்கிறது. வாடை மட்டும் கொஞ்சம் வரும், அது உண்மை.

ஆறு பேர் உள்ள ஒரு வீடு. ஐந்து டிரம், மூன்றில் புழு. மேற்பார்வையாளர் கூடவே வந்திருந்ததால் நோட்டீஸ் கொடுக்கச் சொல்லிவிட்டார், அபராதத்தோடு. 1939-ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. கொசு ஒழிப்புக்கென்றே அதில் தனி அத்தியாயம் உண்டு. சட்டப்படி எல்லாம் சரி. அந்த வீட்டுப் பாட்டி நோட்டீஸை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னது: "தெனமும் தண்ணி விடச் சொல்லு கண்ணு, இந்த டிரம்மை நானே ஒடச்சுப் போடறேன்."

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

அதே தெரு முனையில் அடுக்குமாடி ஒன்று எழும்புகிறது. லிஃப்ட் குழியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர், டார்ச் அடித்ததும் புழுக்கள் கூட்டமாகக் கீழே இறங்குகின்றன. வாட்ச்மேன் "ஓனர் இல்லம்மா" என்கிறார். மூன்று முறை போய்விட்டேன், ஓனர் மூன்று முறையும் இல்லை. நோட்டீஸை யார் கையில் கொடுப்பது? பாட்டி எப்போதும் வீட்டில் இருக்கிறார், அதுதான் அவர் செய்த தப்பு.

தறிக்குழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், வேறு ஊர்க்காரர்களுக்கு இது தெரியாது. குழித்தறியில் நெசவாளர் தரையில் உட்கார்ந்து, மிதியை மிதிக்கக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டிருப்பார். மழை வலுத்தால் அந்தக் குழிக்குள் தண்ணீர் ஊறிவிடும். வெளியிலிருந்து வந்த வெள்ளம் என்றால் இறைத்துவிடலாம், இது கீழேயிருந்து ஊறுவது. இறைத்தால் மறுநாள் மறுபடி நிற்கும். தறி ஓடாது, கூலி கிடையாது, தெளிவான தண்ணீர் வாரக்கணக்கில் வீட்டின் நடுவிலேயே நிற்கும். ஏடிஸுக்கு இதைவிட என்ன வேண்டும்? கிணற்றில் விடுவது போல, புழுவைத் தின்கிற கப்பி மீன் விடலாம் என்று ஒரு பெரியவரிடம் சொன்னேன். "பட்டு நெய்யறதா, மீன் புடிக்கறதா, நீயே சொல்லு சாமி" என்று சிரித்தார். சிரித்துவிட்டு மீனை வாங்கிக்கொண்டார்.

இப்போது எனக்கு வயிற்றெரிச்சலான இடத்துக்கு வருகிறேன். கணக்கு.

நூறு வீடு பார்த்து ஐந்து வீட்டில் புழு இருந்தால் ஹவுஸ் இண்டெக்ஸ் ஐந்து. நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு என்று எண்ணினால் அது பிரெட்டோ இண்டெக்ஸ். காய்ச்சல் வருவதற்கு முன்னாலேயே எந்தத் தெருவில் வரப்போகிறது என்று காட்டுகிற எண்கள் இவை. ஆனால் நடப்பு என்ன? நான் பத்து வீட்டில் புழு என்று எழுதினால், "உன் ஏரியாவுல மட்டும் ஏன் இவ்வளவு, போன வாரம் என்ன புடுங்கினே" என்று கேட்கிறார்கள். ஒன்றுமில்லை என்று எழுதுகிறவர் நல்ல பணியாளர். கண்டுபிடிக்கத்தான் சம்பளம், கண்டுபிடித்தால் திட்டு. இப்படிப் பேசினால் யார்தான் டார்ச்சை அடிவரைக்கும் அடிப்பார்கள்? டிரம்மின் மேல்மட்டத்தை ஒரு பார்வை, சுவரில் தேதியைச் சாக்பீஸால் கிறுக்கல், அடுத்த வீடு. நானும் அப்படிச் செய்த நாட்கள் உண்டு. ஐம்பது வீடு முடிக்க வேண்டும், வெயில், நாய், மேல்மாடி ஏறினால் மூட்டுவலி.

2017-ல் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு, 65 சாவு. அரசுக் கணக்கே அவ்வளவு. சேலம் மாவட்டமும் நன்றாக அடிபட்டது. நிலவேம்புக் குடிநீர் வாங்க வரிசையில் நின்றது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நான் இந்த வேலைக்கு வந்தது அதற்கப்புறம். அப்போது எங்களுக்குக் கிடைத்த மரியாதையே தனி. வீட்டுக்குள் கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள். காய்ச்சல் குறைந்த வருஷங்களில் கேட்டைத் திறக்கவே மாட்டார்கள்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யோக்கியமாக இருக்காது. நான் குடியிருக்கும் தெரு வேறொரு பெண்ணின் பீட், அதாவது அவள் பார்க்க வேண்டிய பகுதி. என்னைவிடச் சின்னவள். போன ஐப்பசியில் ஒருநாள் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்தவள் வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். "என்னடி?" என்றேன். "அக்கா... மேல தார்ப்பாய்ல..." என்று இழுத்தாள். பழைய கட்டில்மேல் நாங்கள் மூடியிருந்த தார்ப்பாய் நடுவில் குழிந்து, அரைக் குடம் மழைத் தண்ணீர், அதில் புழு. நான் தினமும் துணி காயப்போடுகிற இடத்துக்கு நாலடி தள்ளி. அவள் நோட்டில் எழுதத் தயங்கினாள். எழுது என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். அந்த வாரம் அவளுக்குத் திட்டு விழுந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்கு யாராவது காது கொடுத்தால் கேட்க இரண்டு விஷயம் இருக்கிறது. அபராதத்துக்குப் பதில் டிரம்மை மூட ஒரு துணி கொடுங்கள். ஓரத்தில் எலாஸ்டிக் தைத்த வெள்ளைத் துணி, வேறொன்றும் வேண்டாம். வேட்டி நெய்கிற ஊரில் துணிக்கா பஞ்சம்? இன்னொன்று, எங்கள் சுற்றை மாற்றுங்கள். இப்போது தெரு வரிசைப்படி போகிறோம். தண்ணீர் விட்ட மறுநாள் போய் நின்றால் டிரம் வழிய வழிய இருக்கும், அதை யார் கவிழ்ப்பார்கள்? தண்ணீர் வருவதற்கு முந்தின நாள் அனுப்புங்கள். அன்றைக்கு டிரம்மில் அடிமட்டம்தான் இருக்கும். அதைக் குடத்தில் எடுத்துக்கொண்டு, சுவரைத் தேய்த்துக் கழுவ ஐந்து நிமிஷம் போதும். ஒரு கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். "லிஸ்ட் மேல இருந்து வருதும்மா, மாத்த முடியாது" என்றார்கள். சரி என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் தெருவுக்கு நாளை மறுநாள் தண்ணீர். அப்படியானால் நாளைக்கு எங்கள் வீட்டு டிரம் இரண்டும் கிட்டத்தட்டக் காலி. கட்டைவிரல் போட்டவரிடம் இப்போதே தேங்காய் நாரைக் கொடுத்து வைத்திருக்கிறேன்.