பாட்டியின் வேலையை வாங்கிய வண்டும், அம்மா சுமந்த பம்பும்

செம்பனையில், அதாவது பாமாயில் தரும் மரத்தில், ஆண் பூ விரியும் நாளில் மரத்தடியில் போய் நின்றால் சோம்பு வாசனை வரும். மலேசியத் தோட்டத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்த வாசனை. விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பூவில் ஒன்றை ஒடித்து உள்ளங்கையில் தட்டினால், எள்ளைவிடச் சற்றுப் பெரிதாகக் கறுத்த வண்டுகள் உதிரும். சின்ன வயதில் அவற்றைத் தீப்பெட்டிக்குள் அடைத்து வைத்து விளையாடியிருக்கிறேன். என் பாட்டியின் வேலையை வாங்கியது அந்த வண்டுதான் என்று தெரிந்தபோது நான் அறிவியல் ஆசிரியையாகி ஐந்தாறு வருடம் ஆகிவிட்டது.

செம்பனைக்கு ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஒரே மரம் கொஞ்ச காலம் இதை விடும், கொஞ்ச காலம் அதை விடும். ஆப்பிரிக்காவில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மகரந்தத்தைக் கொண்டுபோகப் பூச்சி இருந்தது. மரத்தைக் கப்பலேற்றியவர்கள் பூச்சியை ஏற்றவில்லை. 1848-இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நட்ட நான்கே கன்றுகள்தான் இந்த வட்டாரத்துச் செம்பனைகளுக்கு மூத்த தலைமுறை. அதற்கப்புறம் நூறு வருடத்துக்கு மேல் காற்றும் சில சில்லறைப் பூச்சிகளும் செய்தது போக, மிச்சத்தை மனிதக் கைதான் செய்தது. ஆண் பூவின் தூளைக் காயவைத்து, டால்கம் பவுடரோடு கலந்து, குப்பியை அமுக்கிப் பெண் பூ மேல் ஊத வேண்டும். முள்ளுக்குள் கையை விட்டுச் செய்யும் வேலை. "பூவுக்குப் பவுடர் போடப் போறேன்" என்பாராம் பாட்டி. எழுபதுகளில் அவருடைய கைச்செலவு அதில்தான் ஓடியது.

கேமரூனுக்குப் போய் அங்கே மகரந்தம் எப்படிப் பரவுகிறது என்று உட்கார்ந்து பார்த்தவர் சையது ரஹ்மான் என்ற பாகிஸ்தானியப் பூச்சியியலாளர். வேறு பயிரைத் தின்னாது என்று சோதித்து உறுதி செய்துகொண்டு வண்டை இங்கே கொண்டுவந்தார்கள். பிப்ரவரி 1981-இல் ஜொகூர், குளுவாங் பக்கத்து மாமோர் தோட்டத்தில் திறந்துவிட்டார்கள். ஓரிரு வருடத்துக்குள் அது தீபகற்பம் முழுக்கப் பரவிவிட்டது. குலையில் காய் பிடிப்பு கூடியது. பவுடர் குப்பிக்கு வேலை இல்லாமல் போனது. வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். பொறுமையாகக் கவனித்து, பயந்து பயந்து சோதித்து, ஒரு மரத்துக்கு அதன் துணையைத் திருப்பிக் கொடுத்த வேலை அது. பாட்டிக்கு மட்டும் யாரும் எதையும் விளக்கவில்லை. "நாளையிலிருந்து இந்த வேலை கிடையாது" என்று, காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டில் சொன்னதோடு சரி.

ஒவ்வொரு அக்டோபரிலும் நோபல் பரிசுச் செய்தி வரும்போது என் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். இந்தக் கண்டுபிடிப்பு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் நம் லயத்துக்கு வந்து சேர எத்தனை வருடம் ஆகும்? நான் பார்த்தவரையில் முதலாளிக்கு விளைச்சலைக் கூட்டுவது ஓடி வருகிறது. வேலை செய்பவரின் உடம்பைக் காக்க வேண்டியது வழியிலேயே உட்கார்ந்துவிடுகிறது.

நான் இருப்பது சிலாங்கூர் மாநிலத்தின் பெஸ்தாரி ஜெயாவில். பெரியவர்களுக்கு இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தாய்தான். இங்கே உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஆன்ரி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவில் முதன்முதலாக வர்த்தகத்துக்காகச் செம்பனை நட்டார். பெயரைக் கேட்டால் தென்னமரம், நின்றது செம்பனை. நான் பிறந்தது அங்கே இல்லை, வேறு ஒரு தோட்டத்தில். ஆனால் இந்த நாட்டில் செம்பனை தொடங்கிய மண்ணில் வாழ்கிறோம் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அதனால் ஜூலை 2013-இல் ‘நேச்சர்’ இதழில் செம்பனை பற்றி இரண்டு கட்டுரைகள் வந்தபோது, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் மாதிரி சந்தோஷப்பட்டேன். ஒன்றில் 180 கோடி எழுத்து நீளமுள்ள செம்பனை மரபணுத் தொகுதியை வாசித்திருந்தார்கள். இன்னொன்றில் கொட்டையின் ஓடு தடிப்பதா மெலிவதா என்பதை முடிவு செய்யும் ஒற்றை மரபணுவைப் பிடித்திருந்தார்கள். அதற்கு ‘ஷெல்’ என்று பெயர். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வு அது. முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் டாக்டர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. மறுநாள் அந்தப் பெயரை வெண்பலகையில் பெரிதாக எழுதிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கினேன்.

ஓட்டுக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். தடித்த ஓடு டூரா. ஓடே இல்லாதது பிசிஃபெரா, அது பெரும்பாலும் குலை தள்ளாது. இரண்டையும் கூட்டினால் மெல்லிய ஓட்டோடு வருவது டெனெரா. எண்ணெய் டூராவைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு அதிகம். கன்றைப் பார்த்து எது என்று எந்தக் கில்லாடியாலும் சொல்ல முடியாது. நட்டு, உரம் போட்டு, மூன்று வருடம் காத்திருந்து முதல் பழத்தை வெட்டினால்தான் தெரியும். அந்த மரபணு பிடிபட்ட பிறகு, நாற்றங்காலில் இருக்கும்போதே இலையில் ஒரு பொட்டு வெட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் விடை வந்துவிடும்.

என் தாய்மாமாவுக்கு 4 ஏக்கர் இருக்கிறது. தோட்டத்தில் முப்பது வருடம் பழம் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கியது. 2014-இல், அதாவது அந்தக் கட்டுரை வந்து ஒரு வருடம் கழித்து, சாலையோர நாற்றங்கால் ஒன்றில் விலை குறைவு என்று 230 கன்று வாங்கி நட்டார். முதல் பழம் வந்ததும் என்னைக் கூப்பிட்டு, பாராங் கத்தியால் பிளந்து காட்டினார். தடி ஓடு. அன்றைக்கு இருட்டும்வரை இருவரும் மரம் மரமாகப் போய் வெட்டிப் பார்த்து எண்ணினோம். 41 மரம் டூரா. ஒரு செம்பனை 25 வருடம் நிற்கும். 25 வருடமும் அந்த 41 மரமும் உரத்தை முழுசாகத் தின்று எண்ணெயைக் குறைவாகத் தரும். சிறு தோட்டக்காரர்களின் நிலங்களை ஆராய்ந்து 2016-இல் வந்த கட்டுரையும் ஏறக்குறைய பத்தில் ஒரு மரம் டெனெரா இல்லை என்றுதான் கண்டது. மாமா ஒருவர் மட்டும் ஏமாந்த கதை இல்லை இது. அப்படி ஒரு சோதனை இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. விஷயம் தெரிந்த நானோ வகுப்பில் சொன்னேனே தவிர, மாமாவிடம் சொல்லவில்லை. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

(இன்னொன்றும் 2015-இல் வந்தது. ஒரே நல்ல மரத்திலிருந்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுக்கும் நகல் கன்றுகளில் சில, வளர்ந்த பிறகு கோணல் பழமாகக் காய்க்கும். மரபணுவுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டின் மேலுள்ள ரசாயனக் குறி அழிந்துபோவதுதான் காரணம் என்று கண்டார்கள். அந்தத் துண்டின் பெயர் கர்மா. குறி இருந்தால் நல்ல கர்மா, அழிந்தால் கெட்ட கர்மா. மாணவர்கள் ஒரு வாரத்துக்கு அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.)

இனி அம்மா.

பாட்டிக்குப் பூ வேலை போன கொஞ்ச நாளில் அம்மா மருந்தடிக்கப் போனார். காலைப் பெரட்டு முடிந்ததும் 16 லிட்டர் பம்பை முதுகில் ஏற்றிக்கொண்டு வரிசை வரிசையாகப் புல்லுக்கு பாராகுவாட் என்ற களைக்கொல்லியை அடிக்க வேண்டும். மருந்தடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கலக்கும்போது விரலில் நீலம் ஒட்டும். கையுறை எப்போதாவது கொடுப்பார்கள், அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் தாங்காது. அம்மாவின் நகங்களில் வெள்ளைக் கோடு விழும், பிறகு கழன்று விழும், திரும்ப முளைக்கும். மூக்கில் ரத்தம் வந்தால் வெயில் சூடு என்பார். எங்களைத் தொடுவதற்கு முன் சோப்பு போட்டு இரண்டு தடவை குளிப்பார். அந்த வாடை அப்படியும் போகாது.

பாராகுவாட் உயிரணுவுக்குள் போனால் ஓர் எலக்ட்ரானை வாங்குவதும் அதை ஆக்சிஜனுக்குக் கொடுப்பதுமாக, ஒவ்வொரு சுற்றிலும் நச்சு மூலக்கூறுகளைக் கக்கும். தான் தீராது. நுரையீரல் அதை வலிய இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். விழுங்கியவருக்கு மாற்று மருந்து இல்லை. மூச்சு திணறுகிறதே என்று ஆக்சிஜன் கொடுத்தால் அதுவே கேட்டைக் கூட்டும். இதெல்லாம் பல வருடமாக மருத்துவப் பாடத்தில் இருக்கிறது. சுவிட்சர்லாந்து 1989-இலேயே தடை செய்தது. இங்கே 2002-இல் தடை என்று அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள். முழுத் தடை வந்தது 1 ஜனவரி 2020. வண்டுக்கு ஓரிரு வருடம் போதுமாக இருந்தது. விஷத்தை நிறுத்த, சுவிட்சர்லாந்துக்குப் பிறகு நமக்கு 31 வருடம் ஆனது.

போன வருடம் அம்மாவுக்கு வலக்கை நடுங்கத் தொடங்கியது. தேநீர்க் குவளை தட்டில் மோதும் சத்தத்தில்தான் கவனித்தோம். பெரிய ஆஸ்பத்திரியில் இளம் மருத்துவர் ஒருவர், நல்ல பெண், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்டார்: "அம்மா எந்த மருந்து அடித்தார்? எத்தனை வருடம்? வாரத்துக்கு எத்தனை நாள்?" ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியும். 2011-இல் அமெரிக்காவில், பூச்சிக்கொல்லி தெளித்தவர்களையும் அவர்களுடைய கணவன், மனைவிமாரையும் வைத்துச் செய்த ஆய்வில், பாராகுவாட் கையாண்டவர்களிடம் பார்க்கின்சன் நோய் ஏறக்குறைய இரண்டரை மடங்கு கூடுதலாக இருந்தது. கூடுதலாக இருப்பதாலேயே காரணம் இதுதான் என்றாகிவிடாது. அம்மாவுக்கு வந்தது அதனால்தான் என்று மருத்துவரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எங்களிடம் ஒரு துண்டுத் தாள் இல்லை. அம்மா எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்று தோட்டம் எழுதி வைத்தது. அவர் எதைச் சுவாசித்தார் என்று எங்கேயும் எழுதவில்லை.

எல்லாமே இப்படித்தான் என்று சொன்னால் பொய்யாகிவிடும். டிங்கிக்கு எதிராக நம் மருத்துவ ஆய்வுக் கழகம் செய்த வேலையைப் பாருங்கள். நம் செம்பனைக்காட்டில் கடிக்கும் வரிக்கொசுவுக்குள் இயற்கையாகவே வோல்பாக்கியா என்ற பாக்டீரியா இருக்கிறது. அந்த வகையை வீட்டுக்குள் டிங்கி பரப்பும் ஏடிஸ் எகிப்தி கொசுவுக்குள் ஏற்றினார்கள். ஏற்றிய பெண் கொசுவுக்குள் வைரஸ் எளிதில் பெருக முடிவதில்லை, அதன் குஞ்சுகளுக்கும் பாக்டீரியா இறங்குகிறது. வேறு நாடுகளில் பயன்பட்ட வகை கடும் வெப்பத்தில் தேய்ந்துவிடும், இந்த வகை நம் வெயிலைத் தாங்கும். 2017-லிருந்து ஷா ஆலம், கெராமாட் போன்ற இடங்களில் விட்டுப் பார்த்ததில் டிங்கி 40 விழுக்காடு குறைந்தது. யாருக்கும் லாபம் தராத, எல்லார் உடம்பையும் காக்கும் அறிவியல். இந்தக் கொசுவை எங்கள் ஊர்ப் பக்கமும் கொண்டுவாருங்கள் என்று கேட்பது பேராசையா?

மறுபக்கம், 2023-இல் பிரிட்டன் முதலில் அனுமதித்த மரபணுத் திருத்தச் சிகிச்சை. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவரின் எலும்பு மஜ்ஜை உயிரணுவை வெளியே எடுத்து, ஒரு பொத்தானைத் திருகுவதுபோல் ஓர் இடத்தைத் திருத்தி, கருவில் இருந்தபோது ஓடிய ஹீமோகுளோபினைத் திரும்ப ஓடவிடுகிறார்கள். மாதா மாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைக்கு அது விடுதலை. அமெரிக்க விலை 22 லட்சம் டாலர், நம் காசுக்கு ஒன்பது, பத்து மில்லியன் வெள்ளி. இப்போதைக்கு நம் கைக்கு எட்டுவது நான்காம் படிவத்தில் பள்ளியிலேயே எடுக்கும் தலசீமியா ரத்தப் பரிசோதனை. பெற்றோர்களே, அந்தச் சம்மதக் கடிதத்தில் தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள்.

2025 வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் ஓமர் யாகி. உலோகத்தையும் கரிமச் சேர்மங்களையும் கோத்து, உள்ளே அறை அறையாக வெற்றிடம் உள்ள பொருள்களை உருவாக்கியவர்களில் ஒருவர். அப்படி ஒரு பொருளை வைத்து அரிசோனா பாலைவனத்தில் இரவுக் காற்றிலிருந்து தண்ணீர் எடுத்துக் காட்டினார்கள். அவர் அம்மானில், பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரே அறையில் வீட்டார் எல்லாரும் மாடுகளோடு இருந்தார்களாம். பத்து வயதில் பள்ளி நூலகத்துக்குள் நுழைந்து, ஒரு புத்தகத்தில் மூலக்கூறுகளின் படத்தைப் பார்த்து அப்படியே மனதைப் பறிகொடுத்தாராம். இதைச் சொன்னபோது, லயத்தில் இருந்து வரும் என் மாணவி ஒருத்தி, "டீச்சர், நம்ம ஸ்கூல் லைப்ரரி ஏன் எப்பவும் பூட்டியே இருக்கு?" என்று கேட்டாள். வெட்கமாக இருந்தது. இப்போது வாரத்துக்கு மூன்று நாள் மதியம் நான் திறந்து வைக்கிறேன்.

மாமா போன மாதம் அந்த 41 மரத்தையும் சாய்த்துவிட்டார். உரிமம் உள்ள நாற்றங்காலாகப் பார்த்துக் கன்று வாங்கி, ரசீதைப் படம் பிடித்து முதலில் எனக்கு அனுப்பினார்.

உங்கள் வீட்டில் மருந்தடித்த அம்மா, அத்தை, சின்னம்மா யாராவது இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். எந்தத் தோட்டம், எந்த மருந்து, டின்னில் என்ன நிறம், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை. மருத்துவர் கேட்டால் காட்டலாம், நாளைக்கு யாராவது ஆய்வு செய்ய வந்தாலும் கொடுக்கலாம். நான் பள்ளி நோட்டு ஒன்றில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் அம்மா சொன்னது: 1984 தீபாவளி கழிந்து ஆரம்பம், 2003-இல் முழங்கால் விட்டுப்போகும்வரை, வாரம் ஆறு நாள்.