சேஃப்டி ரேட்டிங் ஆளைப் பிரிப்பதில்லை

ஐரேசிங் என்பது ஆன்லைன் கார் ரேஸ் சிமுலேட்டர்; அதில் இடிக்காமல் சுத்தமாக ஓட்டுவதற்கான மதிப்பெண்தான் சேஃப்டி ரேட்டிங். "ஐரேசிங்கில் சேஃப்டி ரேட்டிங்கை ஏற்றினால் போதும், சுத்தமாக ஓட்டுபவர்களோடுதான் சேர்த்துவிடும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லைங்க. அது லைசென்ஸை உயர்த்தும், புதிய ரேஸ் தொடர்களைத் திறந்துவிடும், அவ்வளவுதான். ஒரு ரேஸுக்குக் கூட்டம் சேர்ந்தால் ஸ்பிளிட், அதாவது தனித்தனி ரேஸ்களாகப் பிரிப்பது ஐரேட்டிங்கை வைத்து. அது முடிவுகளைப் பார்த்து ஏறி இறங்கும் எண். ஓட்டும் ஒழுக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அப்புறம், தப்பு யார் மேல் என்று இன்சிடென்ட் கணக்கு (சேஃப்டி ரேட்டிங்கைக் குறைக்கும் தவறுப் புள்ளிகள்) பார்ப்பதே இல்லை. தார்த் தடத்தில் பலமாக இடித்தவருக்கும் 4 புள்ளி, இடி வாங்கியவருக்கும் 4 புள்ளி. அநியாயம்தான்!

பெங்களூரில் இருப்பவர்கள் ஞாயிறு இரவு 8 மணி வாக்கில் ஓட்டிப் பாருங்கள். ஐரோப்பாவில் அப்போது பிற்பகல். ஆள் அதிகம் வந்தால் ஸ்பிளிட்டும் அதிகம், உங்கள் தரத்துக்குப் பக்கத்து ஆட்கள் கிடைப்பார்கள்.